கடைசி ஆண்டு நடிப்புப் பட்டம்: தொடரில் வேடம் வந்தால் பாதியில் விடலாமா?

யாழினி (ஹாரோ)
என் தங்கச்சி இங்கிலாந்தில் ஒரு நாடகப் பள்ளியில் பி.ஏ. நடிப்பு, கடைசி ஆண்டு. முதல் தவணை நாடகத்தைப் பார்க்க வந்த ஏஜென்ட் ஒருவர் அவளைச் சேர்த்துக்கொண்டார். இப்போது தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூன்று எபிசோட், மருத்துவர் வேடம். படப்பிடிப்பு பிப்ரவரி, மார்ச். அதே நேரம் பள்ளியில் அடுத்த நாடகத்தின் ஒத்திகை. விடுப்பு கிடையாது, வேண்டுமானால் விலகிக்கொள் என்கிறார்கள். அம்மா பட்டம்தான் முக்கியம் என்று நிற்கிறா. நான் போ என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மேடைப்பித்தன் (சென்னை)
போகச் சொல்லுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அங்கே கடைசி ஆண்டில் வகுப்பு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. குரல், உடல், பேச்சுப் பயிற்சி எல்லாம் முதல் இரண்டு ஆண்டுகளோடு ஏறக்குறைய சரி. அப்புறம் வெளி இயக்குநர் வருவார், சில வாரம் ஒத்திகை, நாடகம், மறுபடி ஒத்திகை. கடைசியில் ஷோகேஸ்: ஏஜென்டுகள் முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிடம். மொத்த ஆண்டும் யார் கண்ணிலாவது படுவதற்குத்தான். இவள் பட்டாயிற்று. பஸ் வந்த பிறகும் ஸ்டாப்பில் நிற்பானேன்?

ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் டிராமா சென்டர் லண்டன் என்ற நாடகப் பள்ளியில் படிப்பை முடிக்காமல்தான் செக்காவ் நாடகத்தோடு ஊர் ஊராகப் போனார். அவருக்கு என்ன குறைந்துவிட்டது? அந்தப் பள்ளிதான் இன்று இல்லை. நம் ஊரில் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை யாருக்கும் பட்டம் கொடுத்ததில்லை. அங்கே கணக்காளராக இருந்த விஜய் சேதுபதியிடம் எந்த இயக்குநரும் மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை.

செந்தில் (லெஸ்டர்)
ஃபாஸ்பெண்டர் பெயர் வரும் என்று நினைத்தேன், முதல் பதிலிலேயே வந்துவிட்டது. பாதியில் விட்டவர்களில் பேர் தெரிந்தவரைத்தானே நாம் சொல்ல முடியும்? முடித்தவர்களையும் பாருங்கள். நடிகர் பென் விஷா 2003இல் லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் முடித்தார், அடுத்த ஆண்டே ஓல்ட் விக் அரங்கில் ஹாம்லெட்.

பணக் கணக்கு ஒன்று. 2025-26இல் கட்டணம் 9,535 பவுண்ட். மாணவர் கடன் நிறுவனம் அதைப் பள்ளிக்கு 25, 25, 50 சதவீதமாக மூன்று தவணையில் கட்டுகிறது. இரண்டாம் தவணையில் விலகினால் பாதிக் கட்டணம் கடனில் ஏறிவிடும், கையில் பட்டம் இருக்காது. இரண்டு ஆண்டு முடித்ததற்கு ஒரு டிப்ளமோ தரலாம், அவ்வளவுதான். பிறகு திரும்பி வந்தால் கடன் கிடைக்குமா என்றால், படிப்பின் காலத்தோடு ஓர் ஆண்டு கூடுதலாகத் தருவார்கள். தொடங்கிய ஆண்டு முழு ஆண்டாகவே கணக்கில் வரும். ஆக, அவளுக்கு மிச்சம் ஒரே ஓர் ஆண்டு.

இன்னொன்று, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்து படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அந்த விசாவில் தொழில்முறைக் கலைஞராக வேலை செய்யக் கூடாது. படித்த பிறகு இங்கே தங்கி வேலை செய்ய உதவும் கிராஜுவேட் விசாவும் படிப்பை முடித்தால்தான்.

யாழினி (ஹாரோ)
அவள் இங்கேயே பிறந்தவள், விசாச் சிக்கல் இல்லை. கடன் கணக்கு எனக்குப் புதுசு, நன்றி.

மேடைப்பித்தன் (சென்னை)
செந்தில், அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவது ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தானே, அதுவும் மேலே உள்ளதில் 9 சதவீதம்? எத்தனை நடிகர்கள் அதைத் தாண்டுகிறார்கள்? பள்ளியும் சாசுவதம் இல்லை. 2022 ஏப்ரலில் அல்ரா நாடகப் பள்ளி திடீரென்று மூடியபோது மாணவர்கள் ரோஸ் புரூஃபோர்ட் கல்லூரிக்குப் போய்த்தான் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது.

சுதா (லண்டன்)
நான் இப்படி ஒரு படிப்பை முடித்துவிட்டு இந்தத் தொழிலில் இருப்பவள். பட்டச் சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதில்லை, அதில் மேடைப்பித்தன் சொல்வது சரி. ஆனால் மூன்றாம் ஆண்டு கண்ணில் படுவதற்கு மட்டும்தான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெளியே வந்த பிறகு எனக்குக் கிடைத்த வேடங்கள்: மருத்துவர், நர்ஸ், மருந்துக்கடைப் பெண், மறுபடி மருத்துவர். பள்ளியின் கடைசி ஆண்டில் நான் நடித்தது இப்சன், லோர்கா, ஒரு ஷேக்ஸ்பியர் அரசன். ஒரு பெரிய வேடத்தை முதல் காட்சியிலிருந்து கடைசி வரை தூக்கிச் செல்லும் தெம்பு அங்கே வந்தது. மூன்று எபிசோடில் "ஸ்கேன் முடிவு வந்துவிட்டது" என்று சொல்லிச் சொல்லி அது வராது. லண்டன் குளோப் அரங்கில் நாடகப் பள்ளி மாணவர்களுக்காக நடக்கும் சாம் வானமேக்கர் விழாவுக்குப் பள்ளிக்கு ஒரு ஜோடிதான் அனுப்புவார்கள். விலகிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

ஒரு கேள்வி. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, இல்லை வெறும் 'பென்சில்', அதாவது தேதியை மட்டும் குறித்து வைத்திருக்கிறார்களா?

யாழினி (ஹாரோ)
அவளைக் கேட்டேன். பென்சிலாம். "ஹெவி பென்சில், கிட்டத்தட்ட உறுதி" என்று ஏஜென்ட் சொன்னாராம்.

ஆனால் அக்கா, பள்ளியில் பெரிய வேடம் என்பது எல்லாருக்கும் இல்லை. இவளுக்கு இரண்டு நாடகத்திலும் அம்மா வேடம். வகுப்பில் இவளைவிட வயதில் மூத்தவர்கள் மூன்று பேர் இருக்க, அம்மா வேடம் மட்டும் எப்படி எப்போதும் இவளிடம் வருகிறது?

மேடைப்பித்தன் (சென்னை)
பாருங்கள்! பள்ளிக்குள்ளேயும் நம்மவர்களுக்கு இதே கதைதான். அம்மா வேடம் போடுவதாக இருந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு போடட்டுமே.

சுதா (லண்டன்)
அது உண்மைதான், எனக்கும் கோபம் வருகிறது. அதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மூன்றாவது நாடகத்துக்கு யார் யாருக்கு என்ன வேடம் என்று முடிவாகும் முன்பே கேட்க வேண்டும்.

ஆனால் மேடைப்பித்தன், பென்சில் என்றால் தேதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. இன்னும் சிலருக்கும் அதே வேடத்துக்குப் பென்சில் இருக்கலாம். வேண்டாம் என்றால் ஒரு மின்னஞ்சல், அதோடு முடிந்தது, ஒரு பைசா தர வேண்டியதில்லை. இதை நம்பியா விலகல் கடிதம் கொடுப்பது?

செந்தில் (லெஸ்டர்)
அப்படிப் போடுங்கள்.

சுதா (லண்டன்)
அதற்காக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாழினி, ஏஜென்டிடம் படப்பிடிப்பு மொத்தம் எத்தனை நாள் என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று எபிசோட் என்றாலும் ஒரு மருத்துவமனை செட்டில் சேர்த்து எடுத்துவிடுவார்கள், ஒரு வாரத்துக்குள் முடியலாம். இரண்டு மாதம் வேண்டும் என்றால் எந்தப் பள்ளியும் மறுக்கும். இன்ன தேதிகளில் ஐந்து நாள் என்று ஏஜென்டே எழுதிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். அதற்கும் மறுத்தால், விலகாமல் படிப்பை ஓர் ஆண்டு தள்ளிவைக்க விடுவார்களா என்று கேளுங்கள். செந்தில் சொன்ன மிச்ச ஓர் ஆண்டுக் கடன் அதற்கு உதவும்.

மேடைப்பித்தன் (சென்னை)
தள்ளிவைத்தால் அடுத்த ஆண்டு புது வகுப்பு, புது முகங்கள், மறுபடி அம்மா வேடம். என் ஓட்டு இன்னும் போவதற்குத்தான். ஆனால் ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு.

யாழினி (ஹாரோ)
நாள் கணக்கு கேட்டு ஏஜென்டுக்கு எழுதிவிட்டா. திங்கள் பதில் வருமாம்.