பை 4 டிகிரி, இதயம் எத்தனை டிகிரி? கார்டியோபிளீஜியா அனுபவங்கள்

பம்ப் பக்கம்
இதய-நுரையீரல் பம்பை இயக்கும் எங்களிடமிருந்து முதலில்: கார்டியோபிளீஜியா என்பது அறுவையின்போது இதயத் துடிப்பை நிறுத்திக் காக்கும் குளிர் மருந்துத் திரவம். அந்த மருந்துப் பை ஃபிரிட்ஜிலிருந்து வந்தது என்பதால் இதயமும் குளிர்ந்துவிடாது. டியூப்பில் தேங்கி நின்ற திரவம் அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். அதைச் சுற்றவிட்டுக் குளிர வைத்த பிறகே லைனைத் திறக்க வேண்டும். அயோட்டாவை (பெருந்தமனியை) அடைக்கும் கிராஸ் கிளாம்ப் போட்டதும் நிமிடத்துக்கு 250–300 மி.லி., அயோட்டாவின் அடிப்பகுதியான ரூட்டில் அழுத்தம் 70–80 mmHg. சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குள் ஈசிஜி நேர்கோடாகிவிடும். ஆகாமல் இழுத்தால் மருந்தைக் கூட்டாதீர்கள், அழுத்தத்தைப் பாருங்கள். ரூட் அழுத்தம் ஏறாமல் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) மட்டும் பந்து போல விறைத்தால் அயோட்டிக் வால்வு கசிகிறது. நிறுத்தி, உள்ளே தேங்கியதை வென்ட் குழாயில் இறக்கி, ரூட்டைத் திறந்து, இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி குழாய்களின் வாய்களிலேயே நேராகக் கொடுக்க வேண்டியதுதான்.

4:1 ரத்தக் கலவை (ரத்தம் 4, திரவம் 1) என்றால் 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி. டெல் நீடோ என்ற இன்னொரு வகைக் கலவை தலைகீழ்: ரத்தம் 1, திரவம் 4, கிலோவுக்கு 20 மி.லி. இரண்டின் கணக்கையும் குழப்பிக்கொள்வது சகஜம், ஆபத்தும்கூட.

மயக்கவியல்
ஒரு திருத்தம், குளிரே எல்லாம் அல்ல. துடிப்பை நிறுத்தியதிலேயே ஆக்ஸிஜன் தேவை சுமார் 90% விழுந்துவிடுகிறது. குளிர் குறைப்பது மிச்சத்தை. ஆனால் அடைப்பு உள்ள குழாய்க்கு அப்பால் மருந்து சரியாகப் போய்ச் சேராதே, அந்தத் தசைக்கு அந்த மிச்சம்தான் உயிர்.

ஸ்க்ரப் மேசை
ஐஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இதயத்தைச் சுற்றிப் போடும் ஐஸ் ஸ்லஷ் கஞ்சி பதத்தில் இருக்க வேண்டும், கட்டி கூடாது. இடப்பக்கம் பெரிகார்டியத்தை (இதய உறையை) ஒட்டியே, உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு ஓடுகிறது. இடையில் பேட் வைக்காமல் ஐஸைக் கொட்டினால் நரம்பு மரத்துப்போகும். மறுநாள் எக்ஸ்ரேயில் இடது உதரவிதானம் மேலேறி நிற்கும், வென்டிலேட்டரை எடுக்க முடியாமல் நாள் நீளும். இவ்வளவுக்கும் ஐஸ் குளிர வைப்பது மேற்பரப்பைத்தான். தடித்த வென்ட்ரிக்கிளின் உள்ளடுக்குக்கு அது எட்டாது.

பம்ப் பக்கம்
உண்மை. அதற்குத்தான் ரெட்ரோகிரேட், அதாவது கரோனரி சைனஸ் எனும் இதயச் சிரை வழியே மருந்தைப் பின்னோக்கிக் கொடுப்பது. கரோனரி சைனஸ் அழுத்தம் 40 mmHg-ஐத் தாண்டினால் சிரை கிழியலாம். ஏறவே இல்லையென்றால் கதீட்டர் வலது ஏட்ரியத்துக்கு (மேலறைக்கு) நழுவியிருக்கும். சரியாக உட்கார்ந்தாலும் வலது வென்ட்ரிக்கிளுக்கு இது போதாது, ரூட் வழியே முன்னோக்கிக் கொடுக்கும் ஆன்டிகிரேடும் சேர்த்தே கொடுங்கள்.

மயக்கவியல்
ரிடூ கேஸில் (மறு அறுவையில்), முந்தைய பைபாஸில் மார்புத்தமனியைக் கரோனரியோடு இணைத்த பழைய கிராஃப்ட் திறந்திருந்தால் அதையும் கிளாம்ப் செய்யுங்கள். கிராஸ் கிளாம்புக்கு வெளியிலிருந்து சூடான ரத்தம் அதன் வழியே வந்து மருந்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். நின்ற இதயம் திடீரென நெளிய ஆரம்பித்தால் முதலில் அங்கேதான் கை போக வேண்டும்.