மார்பை அறுத்தாளா, அறுப்பேன் என்றாளா?
(புனைபெயர்களில் நடந்த ஒரு விவாதம்)

பெரட்டுக்களம்:
ஞாயிற்றுக்கிழமை நம் பீடோங் (கெடா, மலேசியா) கோயில் மண்டபத்தில் நடந்த இலக்கிய மாலையில் ஒரு பேச்சாளர் பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. "மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்டதும் புறநானூற்றுத் தாய் தன் மார்பையே அறுத்தெறிந்தாள். அப்படிப்பட்ட தாய் வளர்த்ததால் அன்று ஆண் ஆணாக இருந்தான். இன்றைய பையன்கள் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள்" என்றார். மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

278-ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். "முலை அறுத்திடுவென் யான்" என்று சினந்து சொல்கிறாள், அவ்வளவுதான். வாளோடு களத்துக்குப் போகிறாள், பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள், மகன் சிதைந்து கிடப்பதைக் காண்கிறாள், பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். அவள் அறுக்கவில்லை!

செம்பனைக்காடு:
அறுத்தால் என்ன, அறுப்பேன் என்றால் என்ன? கருத்து ஒன்றுதானே ஐயா? கோழை மகன் வேண்டாம் என்றாள். அந்த வீரத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில் என்ன குற்றம் கண்டீர்கள்? உங்களை மேடைக்குக் கூப்பிடவில்லை என்ற கோபம்தான் இது, ஊருக்கே தெரியும்.

பெரட்டுக்களம்:
கருத்து ஒன்று இல்லை தம்பி. அந்த மகன் ஓடவே இல்லை. ஓடினான் என்று "பலர் கூற" அவள் கேட்டாள். ஊர்வாய் சொன்னது பொய். ஊர் பேசிய பொய்யை நம்பி ஒரு தாய் வாளை எடுக்கிறாள் என்பதுதான் பாட்டு. நம் ஊரில் ஆம்பளையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்? அதே ஊர்வாய்தான். அதை விட்டுவிட்டு, அறுத்தாள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார் அவர். திரும்பவும் சொல்கிறேன், அவள் அறுக்கவில்லை.

கௌரி டீச்சர்:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரு பெண். மகனைப் பெறுவது என் கடமை, போரில் யானையை வீழ்த்தி மீள்வது அவன் கடமை என்று 312-இல் பாடிய பொன்முடியாரும் பெண். ஒரே மகனைத் தலைவாரி வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பும் தாயை 279-இல் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரும் பெண். ஆண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆண்கள் மட்டும் எழுதி வைக்கவில்லை. வேந்தனுக்குப் படை வேண்டியிருந்தது, அதைத் தாயின் வாயால் சொல்ல வைத்தார்கள். பிறகு வந்த வள்ளுவர் அதே தாயை, அதே மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டு காரணத்தை மாற்றிவிட்டார். "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்." பிணமும் இல்லை, வாளும் இல்லை. பிள்ளைகளுக்கு இதையல்லவா சொல்லியிருக்கவேண்டும்?

செம்பனைக்காடு:
டீச்சர், வள்ளுவர் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். "பேராண்மை என்ப தறுகண்" என்று அதில்தான் வருகிறது. வசதியாக மறந்துவிட்டீர்களா?

கௌரி டீச்சர்:
மறக்கவில்லை. அதே குறளின் அடுத்த அடி, பகைவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் உதவுவதுதான் அந்த வீரத்தின் கூர்மை என்கிறது. பாதிக் குறளோடு சண்டைக்கு வராதீர்கள். பிறன்மனை நோக்காததையும் அவர் பேராண்மை என்றுதான் சொன்னார். அதை எந்த மேடையில் முழங்கினீர்கள்?

நாலாம் லயம்:
புறநானூறு, குறள் எல்லாம் சரி. என் அப்பாவுக்கு அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது. ஆனால் ஆம்பளை என்றால் என்ன என்று அவருக்கு யாரோ நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மா இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய், ரப்பர் மரம் சீவி, பால் எடுத்து நிறுத்தக் கொண்டுபோவார். சாயங்காலம் அப்பா கள்ளுக்கடையிலிருந்து வருவார். காலையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) திட்டியதை வாய் திறக்காமல் கேட்ட அதே மனுஷன் லயத்து (தொழிலாளர் வரிசைவீடு) வாசலில் அம்மாவை அடிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் "ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். இது எந்தப் பாட்டில் இருக்கிறது?

பெரட்டுக்களம்:
தங்கச்சி, நீ சொன்னதுதான் விஷயம். 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்ன கேட்டார்கள்? சம்பள உயர்வு கேட்டார்கள். கூடவே கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் வாலாட்டாதே, வெள்ளைக்காரத் துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். சைக்கிளில் உட்காரக்கூட உரிமை இல்லாதவனை நீ ஆம்பளை என்று எதை வைத்து அளப்பாய்? 1920களின் இறுதியில் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். வெள்ளைக்காரன் வைத்த அந்தப் பத்துச் சென் வித்தியாசத்தில் ஏறி நின்றுதான் லயத்து ஆண் வீட்டில் அதிகாரம் செய்தான். இதையெல்லாம் பேசாமல், அறுக்காத மார்பை அறுத்தாள் என்று அந்த மனிதர்...

செம்பனைக்காடு:
எல்லாரும் குடித்துவிட்டு அடித்தார்கள் என்று எழுதாதீர்கள். இதே பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்துதான் தொழிலாளர் தலைவர் ஏ.எம்.சாமி தொண்டர் படையைக் கட்டினார். 1947-இல் கள்ளுக்கடை மறியல் செய்து போலீஸ் அடி வாங்கியவர்கள் நம் ஆண்கள். என் தாத்தா அதில் இருந்தவர். வீரம் பேசினால்தான் வீரம் வரும். நீங்கள் பேசினால் ஒப்பாரிதான் வரும்.

பெரட்டுக்களம்:
உங்கள் தாத்தா மறியல் செய்தது கள்ளுக்கடையை. நீங்கள் போன வருடத் திருவிழாவில் பந்தலுக்குப் பின்னால் சம்சு சாராயப் போத்தலோடு நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

செம்பனைக்காடு:
திருவிழாக் கணக்கைப் பற்றிப் பேசலாமா? கூடாரத்துக்குக் கொடுத்த பணம் எங்கே போனது என்று நானும் எழுதுவேன். நிர்வாகத்தில் இருந்தது யார்?

பினாங்குவாசி:
கோயில் கணக்கை அப்புறம் பார்ப்போம். 1943-இல் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படை சிங்கப்பூரில் தொடங்கியபோது மலாயாத் தோட்டத்துப் பெண்களும் போய்ச் சேர்ந்தார்கள். துப்பாக்கி பிடித்தார்கள். வீரம் என்றால் ஆண்மை என்று இங்கே இருவரும் சேர்ந்துதானே முடிவுகட்டிவிட்டீர்கள்?

செம்பனைக்காடு:
ஊரைவிட்டுப் போய் இருபது வருடம் ஆனவர்களெல்லாம் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நாலாம் லயம்:
பினாங்குவாசி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். என் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அறுத்தாளா இல்லையா என்றே சுற்றுகிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் என் மகன். வீட்டுக்கு வந்து, "நான் செத்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களாம்மா?" என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பெரட்டுக்களம்:
அவள் அறுக்கவே இல்லை என்று முதலில் சொல், தங்கச்சி. சொன்னவர் தப்பாகச் சொன்னார் என்று சொல். பாட்டையே படிக்காமல் மேடையேறினால் இதுதான் நடக்கும்.

கௌரி டீச்சர்:
ஐயா, அந்தப் பையன் கேட்டது அறுத்ததைப் பற்றி இல்லை. உவந்ததைப் பற்றி. அது பாட்டிலேயே இருக்கிறது. பேச்சாளர் சேர்த்தது இல்லை.

பெரட்டுக்களம்:
உவந்தது பிள்ளை செத்ததற்கு இல்லை டீச்சர், பழி பொய்யானதற்கு. அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அடுத்த மாலையில் எனக்குப் பத்து நிமிடம் கொடுக்கச் சொல்லுங்கள், பாட்டை வரி வரியாக விளக்குகிறேன்.

செம்பனைக்காடு:
நான் அப்போதே சொன்னேன், மேடைக்குத்தான் இவ்வளவும்.

பெரட்டுக்களம்:
செம்பனைக்காடு, 278-ஐ ஒரு தடவையாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

செம்பனைக்காடு:
கூடாரக் கணக்கைக் காட்டுங்கள், சொல்கிறேன்.