பேக்கப்புக்கு எது சரிப்படும்?

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் சுமார் 600 ஜிபி இருக்கிறது. முக்கால்வாசி குடும்பப் படங்கள், மிச்சம் வேலைக் கோப்புகள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்கிற 3-2-1 முறை தெரியும். அதைத் தொல்லையில்லாமல் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, கோப்புகளைத் தானாகவே நகலெடுக்கும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியை ஓட விடலாமென்று யோசனை. ஆனால் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்தால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுமே? கழற்றி வைத்தால் திரும்ப மாட்ட யாருக்கு ஞாபகம் இருக்கும்! கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் எல்லாம் சிங்க்தான். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும் (குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அவ்வளவே).

ரெஸ்டிக், டூப்ளிகாட்டி போன்ற பேக்கப் மென்பொருள் பயன்படுத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்கிரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) கிளவுடுக்கு அனுப்பியதை முழுசாகத் திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா? எவ்வளவு நேரம் பிடித்தது?