கலைச்சொல் பரிந்துரை: ‘கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்’

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு,

வணக்கம். வீடு குடியிருப்பவருக்கும் அதன் அடியிலுள்ள நிலம் அப்பகுதி மக்களின் அமைப்புக்கும் உரியதாக இருக்க, அந்நிலத்தை விலைக்கு விடாமல் காக்கும் அமைப்பே ‘கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்’. அதற்கு நம் குழும அன்பர் ஒருவர் முன்மொழிந்த ‘சமூக நில அறக்கட்டளை’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆயினும் அதிலுள்ள ‘சமூக’, ‘அறக்கட்டளை’ என்ற இரு உறுப்புகளும் தமிழ்நாட்டு வாசகரை வேறு பொருளுக்கு இட்டுச் செல்லும் என்று அஞ்சுகிறேன்.

‘எந்தச் சமூகம்?’ என்று நம்மிடம் ஒருவர் கேட்டால் அவர் சாதியைத்தான் கேட்கிறார். ஆகவே ‘சமூக நில அறக்கட்டளை’ என்றதும், திருமண மண்டபமும் கல்லூரியும் நடத்தும் சாதிச் சங்கத்தின் சொத்தே நினைவுக்கு வரும். பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் 1984-இல் தொடங்கிய, இவ்வகையில் நிலத்தைக் காக்கும் டட்லி தெரு அமைப்போ, கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்க வழியினர், கேப் வெர்டியர், வெள்ளையர் ஆகிய நால்வகையினருக்கும் தன் ஆட்சிக்குழுவில் சம இடங்களை ஒதுக்கியது. வீடுகள் எரிந்தும் இடிந்தும், குப்பை கொட்டப்பட்டும் கிடந்த காலிமனைகளை மீட்பதற்காக, தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988-இல் மாநகரிடமிருந்து அது பெற்றது. இத்தகைய அமைப்பை ஓரினத்தின் உடைமைபோல ஒலிக்கும் சொல்லால் குறிப்பது பொருந்தாது.

இதற்கு மாற்றாக வந்த ‘ஊர்நிலம்’ என்பதையும் ஏற்க இயலவில்லை. ஊரையும் சேரியையும் தனித்தனியே எண்ணிப் பழகிய மொழியில், இனநீதிக்காகப் பிறந்த ஓர் ஏற்பாட்டிற்கு ‘ஊர்’ என்று பெயரிடுவது முரணாகும். செய்தியாளர்கள் நாள்தோறும் எழுதும் ‘அப்பகுதி மக்கள்’ என்ற தொடரில் இந்தச் சிக்கல் இல்லை. யார் அங்கே வாழ்கிறார்களோ அவர்கள் அனைவரும் அதில் அடங்குவர்.

அடுத்தது ‘அறக்கட்டளை’. அச்சொல்லில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்ற பிரிவு உண்டு. இவ்வகை அமைப்பின் வரலாறு அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் சம உரிமைக்கான குடிமையுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட கறுப்பினக் குத்தகை உழவர்களை நில உரிமையாளர்கள் வெளியேற்றியதால், சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலியோர் 1969-இல் ஜார்ஜியாவில் ‘நியூ கம்யூனிட்டிஸ்’ என்ற அமைப்பை நிறுவி, ஏறத்தாழ 5,700 ஏக்கரை வாங்கினர். அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்வான் வினோபாவின் கிராமதானத்தை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்டார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. நிலமற்றோருக்கு நிலக்கொடை திரட்டிய வினோபாவின் பூதான இயக்கத்தில் தனியாள் பெற்ற நிலம் கடனுக்குக் கைமாறிப் போகக்கூடும் என்பதால்தான், நிலம் முழுக் கிராமத்தின் பொறுப்பில் இருக்கட்டும் என்ற கிராமதானம் வலுப்பெற்றது. (ஜார்ஜியா நிலமும் தப்பவில்லை. வறட்சிக் காலத்தில் அரசுக் கடன் அலுவலகம் உரிய நேரத்தில் கடன் தராததால் 1985-இல் அது கைவிட்டுப் போயிற்று. பாகுபாட்டு வழக்கின் இழப்பீடாக 2009-இல் ஏறத்தாழ 1.2 கோடி டாலர் கிடைத்தது.) ஆக, கொடுப்பதன்று, நிலத்தை விலைக்கு விடாமல் காத்து நிற்பதே இவ்வகை அமைப்பின் பணி. ஆதலால் ‘காப்பு’ என்ற சொல் பொருந்தும். ‘காப்பகம்’ என்றால் முதியோர் இல்லம்போல ஒலித்துவிடும்.

எனவே ‘பகுதிமக்கள் நிலக் காப்புக் கழகம்’ என்று பரிந்துரைக்கிறேன். பேச்சில் ‘நிலக் காப்புக் கழகம்’ என்று சுருக்கலாம். கழகம் என்றதும் கட்சி நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கக்கூடும். போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தில் ஏறும் எவருக்கும் அந்தக் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

இதனோடு இணைந்த ‘கிரவுண்ட் லீஸ்’ என்பதற்குப் புதுச்சொல் தேடவேண்டியதே இல்லை. கோயில் மனையில் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டு, மனைக்கு மட்டும் பணம் கட்டுபவர்கள் அதை ‘அடிமனை வாடகை’ என்கிறார்கள். வீடு குடியிருப்பவருக்கு, அதன் அடியிலுள்ள நிலம் கழகத்துக்கு என்று பெரும்பாலும் 99 ஆண்டுகளுக்கு எழுதப்படும் பத்திரத்தை ‘அடிமனைக் குத்தகை’ என்றே சொல்லலாம். வீட்டை விற்கும்போது அடுத்து வாங்கும் எளியவருக்கும் கட்டுப்படியாகும்படி விதிக்கப்படும் விலை வரம்புக்கான சொல் மட்டும் எஞ்சுகிறது. ‘மறுவிற்பனை விலைவரம்பு’ என்பது எனக்குச் சற்று நீளமாகப் படுகிறது. இதனினும் சுருக்கமான சொல் தோன்றுவோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.