பன்னிரண்டு பார் சரியா வருது, ஆனா ப்ளூஸ் மாதிரி கேக்கலை

தங்கச்சிமடம்_கிடார்
எல்லாருக்கும் வணக்கம். அக்கூஸ்டிக் கிடார், 12 கேஜ் கம்பி (ஒண்ணாவது கம்பி 0.012 அங்குலத் தடிமன் இருக்கற செட்). சர்ச் பாடல் குழுவுக்கு கார்டு (பல சுரம் சேர்ந்த பிடி) போடுற அளவுக்குக் கை வரும். இப்ப ப்ளூஸ், அதான் அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை, பழகுறேன். ஈ சுதியில 12 பார் (ஒரு பார்னா நாலு அடி; ஈ7, ஏ7, பி7 எல்லாம் கார்டு பேரு): ஈ7 நாலு பார், ஏ7 ரெண்டு, ஈ7 ரெண்டு, பி7 ஒண்ணு, ஏ7 ஒண்ணு, ஈ7 ஒண்ணு, கடைசியா பி7 ஒண்ணு. எங்கேயும் தப்பலை. ஆனா கேட்டா பள்ளிக்கூட மார்ச் பாஸ்ட் மாதிரி இருக்கு.

ரெண்டாவது சிக்கல்: மூணாவது கம்பியை வளைச்சா விரல்தான் வலிக்குது, சுரம் அரை கூட ஏறலை. மூணாவது சிக்கல்: புதுக் கம்பி போட்டு மூணே வாரத்துல ஒண்ணாவது, ரெண்டாவது கம்பிகள் சொரசொரன்னு துருப் பிடிச்சுருது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல நாலு தென்னைதான். என்ன பண்ணலாம்?

ஆறாம்கம்பி
தம்பி, முதல் சிக்கல் வலது கையில இருக்கு. ஒரு அடியை ரெண்டு சரிபாதியா வெட்டுறீங்க, அதான் மார்ச் பாஸ்ட். ப்ளூஸோட தாள நடையான ஷஃபிள்ல ஒரு அடிக்குள்ள மூணு பங்கு. வாயால "தகிட தகிட" சொல்லுங்க. 'த'வுல ஒரு அடி, 'கி' சும்மா, 'ட'வுல சின்னதா ஒரு அடி. நீளம்-குட்டை, நீளம்-குட்டை. திஸ்ர நடை காதுல இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

முழு கார்டை விட்டுட்டு ரெண்டே கம்பியில பழகுங்க. ஆறாவது கம்பி (ரொம்பத் தடிச்சது) திறந்தபடி, அதாவது விரல் வைக்காம; அஞ்சாவது கம்பி 2-வது ஃப்ரெட்டுல (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகப் பட்டை) ஆள்காட்டி விரல். ஒரு 'தகிட'வுக்கு ரெண்டு அடி. அடுத்த 'தகிட'வுக்கு ஆள்காட்டியை எடுக்காம மோதிர விரலை அதே கம்பி 4-வது ஃப்ரெட்டுல வைங்க, ரெண்டு அடி. திரும்ப 2, திரும்ப 4. ஒரு பார் முடிஞ்சுது. ஏ வரும்போது இதே கை அப்படியே ஒரு கம்பி தள்ளி: அஞ்சாவது திறந்து, நாலாவதுல 2, 4. பி-க்கு இந்த வடிவம் 2-வது ஃப்ரெட்டுல இருந்து 6 வரைக்கும் விரலை நீட்டச் சொல்லும். ஆரம்பத்துல வேணாம், பி7 கார்டே போட்டுக்கோங்க.

வலது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் (உடம்புப் பலகையில கம்பியைக் கட்டுற மரத்துண்டு) மேல லேசாப் படணும். சேடில்ல (பிரிட்ஜுல கம்பி உக்காருற மெல்லிய துண்டு) இருந்து அரை அங்குலம் முன்னாடி போனாலே சத்தம் செத்து 'டொக் டொக்'னு கேக்கும். எல்லாத்தையும் கீழ்நோக்கியே அடிங்க. மேல-கீழ அடிச்சா கை தன்னால சரிபாதிக்கு ஓடிரும்.

மெட்ரோனோம் ('டிக் டிக்'னு தாளம் காட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60-ல ஆரம்பிச்சு, 12 பார் மூணு சுத்து பிசகாம வந்தா மட்டும் 4 கூட்டுங்க. 80 வந்ததும் அதை 40-க்கு இறக்கி, அந்த 'டிக்' ரெண்டாவது, நாலாவது அடியில விழுற மாதிரி எண்ணுங்க. ஒண்ணாவது அடியை நீங்களே சுமக்கணும். இது முதல் ரெண்டு நாள் எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா ஷஃபிள் உட்காருறது இங்கதான்.

கடைசி ரெண்டு பாரைச் சும்மா விடாதீங்க. 11-வது பார் முதல் அடி ஆறாவது கம்பி திறந்தபடி. அடுத்த மூணு அடிக்கு ஒண்ணாவது, மூணாவது கம்பிகளைச் சேர்த்துக் கிள்ளி 4-வது ஃப்ரெட், 3, 2-னு இறங்குங்க. 12-வது பார் முதல் அடியில ஒண்ணாவது கம்பி திறந்து, மூணாவதுல 1-வது ஃப்ரெட். உடனே பி7, பார் முடியுற வரைக்கும் பிடிங்க. மறுபடி முதல் பாருக்கு இழுத்துட்டுப் போறது அந்த பி7-தான்.

ஷஃபிளுக்கு ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீட் கேளுங்க. ஒத்தைக் கிடார்ல ஈ எப்படி நிக்குதுன்னு பார்க்க இன்னொரு ப்ளூஸ்காரர், லைட்னின் ஹாப்கின்ஸ்.

மண்டபம்_சுதி
கம்பி வளைக்கிறதுக்கு வர்றேன். 12 செட்டுல மூணாவது கம்பி சுற்றுக் கம்பி, அதாவது மேல இன்னொரு மெல்லிய கம்பி சுத்தினது. அதை முழு சுரம் வளைக்க யாராலயும் சுலபமா முடியாது, உங்க விரல் மேல குறை இல்லை. முழு சுர வளைப்பு எலக்ட்ரிக் கிடார்ல, 9 அல்லது 10 செட்டுல, சுற்றில்லாத மூணாவது கம்பியை வச்சு வளர்ந்த பழக்கம். அக்கூஸ்டிக்குக் கால் சுரமே போதும்; என் காதுக்கு அதுல ப்ளூஸ் இன்னும் கூடுதலா இருக்கு.

கர்நாடக சங்கீதக் கணக்குல சொன்னா: ஈ-யை ஸட்ஜமா வச்சா ஈ மைனர் பென்டடானிக்கோட (ப்ளூஸ்ல வாசிக்கிற அஞ்சு சுர வரிசை) சுரங்கள் சுத்த தன்யாசி ராகத்தோடது, ஸ க ம ப நி. திறந்த நிலையில 6, 2, 1-வது கம்பிகள்ல 0, 3. 5, 4, 3-வது கம்பிகள்ல 0, 2. இதுல வர்ற 'க' சாதாரண காந்தாரம். ஆனா கீழ ஓடுற ஈ7 கார்டுல இருக்கறது அதைவிட அரை சுரம் மேல இருக்கற அந்தர காந்தாரம். ரெண்டும் மோதுற இடத்துலதான் ப்ளூஸ் இருக்கு. ஒண்ணாவது கம்பி 3-வது ஃப்ரெட் சாதாரண காந்தாரம், 4-வது அந்தரம். 3-ஐ மீட்டி, 4-க்குப் போற வழியில பாதியிலயே நிறுத்துங்க. இது 12 செட்டுலயும் சுற்றில்லாத கம்பி, வளையும்.

விரல் நுனியால தள்ளாதீங்க. மோதிர விரல் கம்பி மேல, நடுவிரலும் ஆள்காட்டியும் அதே கம்பியில பின்னாடி முட்டுக் குடுக்கணும், கட்டைவிரல் கழுத்து மேல கொக்கி. சாவி திருப்புற மாதிரி மணிக்கட்டு சுழலணும். காதை நம்பணும்னா முதல்ல 4-வது ஃப்ரெட்டை மீட்டிக் கேட்டுக்கோங்க, அப்புறம் 3-ஐ அதுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஏத்துங்க.

கிடாரையே அரை சுரம் இறக்கி சுதி சேத்தா கம்பியோட இழுவை கிட்டத்தட்ட 11 சதவீதம் குறையும். பாடல் குழுவோட வாசிக்க 1-வது ஃப்ரெட்டுல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துற கவ்வி) போட்டா பழைய சுதி வந்துரும். அடுத்த தடவை 10 செட் வாங்குங்க. மூணாவதுக்கு மட்டும் சுற்றில்லாத 18 போட்டுக்கலாம். ஆனா சேடில் சுற்றுக் கம்பிக்குன்னு செதுக்கினதா இருந்தா மேல போகப் போக சுதி கொஞ்சம் ஏறியே நிக்கும்.

அம்பாபாட்டு
சுத்த தன்யாசி ஒப்புமை ஃப்ரெட் கண்டுபிடிக்க நல்லது, அதோட நிறுத்திக்கணும். நம்ம கமகம் சுரத்தை ஆட்டிக்கிட்டே போகும். ப்ளூஸ் வளைப்பு போய், நின்னு, அமைதியாகும். கமகப் பழக்கத்துல இடைவெளி விடாம வாசிச்சா ப்ளூஸ் காணாமப் போயிரும்.

12 பாரை மூணு நாலு-பார் வரியாப் பாருங்க. ஒவ்வொரு வரியிலயும் முதல் ரெண்டு பார் பாட்டு, அடுத்த ரெண்டு பார் கிடாரோட பதில். முதல் வரியும் ரெண்டாவது வரியும் ஒரே சொல், மூணாவது வரி அதுக்கு விடை. கரைவலை இழுக்கும்போது ஒருத்தர் அம்பா (மீனவர் வேலைப் பாட்டு) எடுத்துக் குடுக்க மத்தவங்க 'ஏலேலோ' போடுறது நம்ம கரையில புதுசில்லை. ப்ளூஸுக்கும் வேர் அமெரிக்கத் தென்பகுதி கறுப்பினத் தொழிலாளர்களோட வேலைப் பாட்டுலதான். அதனால சொந்தமா ஒரு வரி தமிழ்ல பாடி, கிடாரால பதில் சொல்லிப் பழகுங்க. பாடும்போது கிடார் ஷஃபிள் மட்டும், பதிலுக்கு அஞ்சாறு சுரம். அதுக்கு மேல வேணாம்.

கச்சான்காத்து
துரு விஷயம். காத்து ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானே தண்ணியை இழுத்துக் கரையும். நம்ம கரையில ராத்திரி அந்த அளவு சாதாரணம். கம்பி மேல படிஞ்ச கடல் உப்பும் விரல் வேர்வையும் சேர்ந்து, விடிய விடிய உப்புத் தண்ணியா ஒட்டியிருக்கு. ஒண்ணு, ரெண்டாவது கம்பிகள் ஈயப்பூச்சு மாதிரி மெல்லிய தகரப்பூச்சு உள்ள எஃகு. பூச்சு ஒரு இடத்துல தேய்ஞ்சா அங்கேருந்து துரு ஓடும்.

வாசிச்சு முடிச்ச உடனே பழைய பருத்தி வேட்டித் துணியைக் கம்பிக்கு அடியில விட்டு, மடிச்சுப் பிடிச்சு, நட்டுல (கழுத்து உச்சியில கம்பி உக்காருற துண்டு) இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஒவ்வொரு கம்பியா இழுத்துத் துடைங்க. உப்பு தங்குறது கம்பியோட அடிப்பக்கம். மேல மட்டும் துடைச்சா பிரயோஜனம் இல்லை. அந்தத் துணியை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில அலசுங்க, இல்லைன்னா உப்பைத் திரும்பப் பூசுறீங்க. தேங்காய் எண்ணெய் வேணவே வேணாம், பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். உப்புத்தாளும் போடாதீங்க, மிச்சப் பூச்சும் போயிரும்.

கிடாரைச் சுவர்ல மாட்டாம ஜிப் வச்ச பையில, சிலிகா ஜெல் பொட்டலத்தோட வைங்க. ஜெல் நிறம் மாறினா வெயில்ல காய வச்சா பத்தாது, 110-120 டிகிரி சூடு வேணும். கம்பி வாங்கும்போது எலிக்சர் மாதிரி பூச்சுக் கம்பி பாருங்க; விலை கூடத்தான், ஆனா இங்க அது தாங்குற நாளுக்கு அதுதான் மலிவு. பூச்சில்லாததுன்னா, சுற்றுக் கம்பிக்கு 80/20 பிரான்ஸ்ங்கிற உலோகத்தைவிட பாஸ்பர் பிரான்ஸ் மெதுவாக் கறுக்கும். சொரசொரத்த கம்பியை அடுத்த வாரம் மாத்தலாம்னு விடாதீங்க, வளைக்கும்போது அது அரம் மாதிரி ஃப்ரெட்டை அறுக்கும்.

மழைக்காலத்துல பலகை ஊதி கம்பி உயரும். 12-வது ஃப்ரெட்டுல அளந்து பாருங்க: ஆறாவது கம்பிக்கு அடியில 2.5 மில்லிமீட்டர், ஒண்ணாவதுக்கு 2 இருந்தா நல்லது. 3.5 வந்துட்டா வளைக்கிறதுல பாதி வலி அங்கேருந்துதான். பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை புடைச்சிருந்தா ட்ரஸ் ராடை (கழுத்தோட வளைவைச் சரிபண்ண உள்ள இருக்கற கம்பி) திருகி ஒண்ணும் ஆகாது.

தங்கச்சிமடம்_கிடார்
அளந்துட்டேன், ஆறாவதுல 3.3 இருக்கு. 'தகிட' சொல்லி ரெண்டு கம்பியில போட்டதும் சத்தமே மாறிருச்சு. ஒரு சந்தேகம்: ஆறாவது கம்பி 3-வது ஃப்ரெட்டும் அதே காந்தாரம்தானே? அதை வளைச்சா கம்பி போர்டு ஓரத்துல வழுக்கி விழுதே?

மண்டபம்_சுதி
அதே காந்தாரம்தான். ஆறாவதை மேல தள்ளினா போர்டு முடிஞ்சு போச்சு, விழத்தான் செய்யும். தரையைப் பார்த்து, அஞ்சாவது கம்பிப் பக்கம் இழுங்க. அரிசி மணி அகலம் நகந்தாப் போதும். அடுத்து உடனே திறந்த ஆறாவதை மீட்டுங்க.