புதுப்பிப்பு: சைஃபன் டம்ளர் காலியாகாமல் சொட்டினால்

சைஃபன் என்றால் வளைந்த குழாய் வழியே தண்ணீர் தானே ஏறி இறங்கி வெளியேறும் அமைப்பு. முதல் பதிவின் செய்முறை: 250 மி.லி. பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஓட்டை, அதில் வளையும் ஸ்ட்ரா. ஸ்ட்ராவின் நீளக் கால் ஓட்டை வழியாக வெளியே. உள்ளிருக்கும் குட்டைக் கால் அடியிலிருந்து 5 மி.மீ. மேலே. தண்ணீர் வளைவைத் தாண்டியதும் டம்ளர் தானே காலியாக வேண்டும். பலருக்குச் சொட்டிக்கொண்டே இருக்கிறதாம்.

பெரும்பாலும் ஊற்றும் வேகம்தான் காரணம். மெதுவாக ஊற்றினால் தண்ணீர் வளைவில் வழிந்து ஸ்ட்ராவின் சுவரோடு இறங்கிவிடும், நடுவில் காற்று அப்படியே இருக்கும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பினால்தான் நீளக் காலில் இருக்கும் எடை மற்றதை இழுக்கும். வளைவுக்கு மேல் 2 செ.மீ. நிற்கும்படி மளமளவென ஊற்றுங்கள். அப்படியும் நடக்கவில்லையா? ஸ்ட்ரா அகலம். ஜூஸ் பாக்கெட்டோடு வரும் மெல்லிய ஸ்ட்ராவுக்கு மாறுங்கள்.

வளைவை ரொம்ப அழுத்தி மடித்தால் அடைத்துக்கொள்ளும். மடிப்பில் கீறல் விழுந்தால் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும்.

ஓட்டையில் ஸ்ட்ராவைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க வெள்ளைப் பெவிக்கால் வேண்டாம், தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். எம்-சீல் வைத்து நன்றாக இறுகவிடுங்கள். வளைவுக்குக் கீழே வரை நிரப்பி இரண்டு நிமிடம் பாருங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் கசிவு.

வேகம் போதவில்லை என்பவர்கள் வெளிக்காலை நீட்டுங்கள். தண்ணீர் மட்டத்துக்கும் வெளிமுனைக்கும் உள்ள உயர வித்தியாசம் கூடக் கூட ஓட்டமும் கூடும்.