முள்ளியவளை வீட்டுக் குழு: பூசத்துப் புதிர் (தைப்பூசத்தன்று புது நெல்லில் ஆக்கும் முதல் சோறு)

சுதன்: நெல்லு வெட்டுகிற மெசின்காரன் போன் எடுத்தவன். வெள்ளிக்கிழமை குமுளமுனையில் இறங்குகிறானாம். எங்கள் வயலையும் அன்றைக்கே வெட்டினால்தான் உண்டாம். பூசம் திங்கள். என்ன செய்ய?

சின்னம்மா: புதிருக்கு ஒரு மூலையை விடச் சொல்லு

சுதன்: அவன் மூலை பார்த்து வெட்டுகிற ஆளா

கோமதி மாமி: முதல் நாளே கையால் ஒரு பிடி அறுத்து வைக்கலாம்தானே. அரிவாள் இருக்கோ?

சின்னையா: துருப்பிடிச்சது ஒன்று இருக்கு

வதனி: எல்லாருக்கும் ஒரு சேதி. மகனுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. திங்கள் புதிர்ச் சோற்றையே முதல் வாயாகத் தீத்துவோம் என்று நினைக்கிறோம், அம்மம்மா கையால். மத்தியானத்துக்கு வாங்கோ.

சின்னம்மா: என்ரை குஞ்சு

கோமதி மாமி: திங்கள் வேலை நாள்

சுதன்: போயா மாமி. பௌர்ணமி லீவு.

சின்னையா: போயாவோ. அப்ப சாராயக் கடையும் பூட்டு

சின்னம்மா: உங்களுக்கு அந்தக் கவலை

பெரியமாமா கனடா: பிள்ளைகளே, புதிர் என்றால் சும்மா மத்தியானச் சாப்பாடு இல்லை. தைப்பூசத்தன்று விடியப்புறம் அப்பு குளித்து, வயலுக்குப் போய்க் கதிர் அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார். ஒரு பிடி சாமியறை வாசலில் தொங்கும். மிச்சத்தை அம்மா உரலில் குத்தி, பழைய அரிசியோடு கலந்து உலையில் போடுவா. அதற்குப் பிறகுதான் அந்த வருச நெல்லில் கை வைப்போம். பிறகு நாங்கள் ஏழு பேரும் சட்டியைச் சுற்றிக் குந்துவோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மோர்மிளகாய், எருமைத் தயிர் எல்லாம் ஒன்றாய்க் குழைத்து, உருட்டி, உள்ளங்கையில் வைப்பா. இளையவரில் தொடங்கும். எனக்கு வரும்போது மோர்மிளகாய் முடிந்திருக்கும். உறைப்புத் தாங்காத சின்னவளுக்கு உருண்டைக்கு நடுவில் தயிரை வைத்து மூடித் தருவா. அவளுக்கு அது தெரியாது. தானும் உறைப்புத் தின்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்துவாள்.

சின்னம்மா: என்ன? தயிரா?

சின்னையா: நாற்பது வருசமாய் எனக்கு வீரம் பேசினவள்

பெரியமாமா கனடா: இன்னும் இருக்கிறது, எழுதுகிறேன். வதனி, முதல் வாய்ச் சோற்றில் ஒரு துளி வன்னித் தேன் விடுங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுத் தேன் என்றால் நல்லது.

நிலா: தேன் வேண்டாம் மாமா. ஒரு வயது வரை தொடக்கூடாது.

பெரியமாமா கனடா: உங்களுக்கெல்லாம் பிறந்த அன்றே நாக்கில் தடவியதுதானே

நிலா: தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். எங்களுக்கு ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு விடும், உடம்பு சோர்ந்து மூச்சே அடைக்கலாம். எல்லாத் தேனிலும் இல்லைத்தான், ஆனால் எதில் இருக்கு என்று பார்த்துத் தெரியாது. கனடாவிலும் இதைத்தான் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். உப்பும் சீனியும் போட வேண்டாம். சோற்றை நன்றாய் மசித்து, கரண்டியில் இருந்து வழியாத பதத்தில், கொஞ்சம் பருப்பு. காணும்.

சின்னையா: நேர்ஸ் அம்மா சொன்னால் சரி

கோமதி மாமி: உப்பில்லாமல் எப்படித் தின்னும் பிள்ளை

நிலா: உப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதே மாமி

தர்ஷி: எங்கடை ஆளுக்கு என்ன வழி? மூன்று வயது, கார்ட்டூன் ஓடினால்தான் வாய் திறக்கிறாள்

நிலா: பத்தரைக்கு பிஸ்கட் குடுக்கிறனீங்களோ?

தர்ஷி: அவளின் அப்பாவைக் கேளுங்கோ

சுதன்: ஒன்று ரெண்டு

நிலா: அதை நிறுத்துங்கோ முதலில். போனைப் பார்த்தபடி விழுங்கினால் வயிறு நிரம்பினது பிள்ளைக்கே தெரியாது. திங்கள் எல்லாப் பிள்ளைகளோடும் சட்டியைச் சுற்றி இருத்துங்கோ. பக்கத்தில் இருப்பவன் கை நீட்டினால் இவளும் நீட்டுவாள். நீட்டாவிட்டால் விடுங்கோ. துரத்தித் துரத்தித் தீத்த வேண்டாம்.

வதனி: அப்ப திங்கள் போன் எல்லாம் சாமியறையில். பெரியாக்களுடையதும்.

சின்னம்மா: நல்லது

பெரியமாமா கனடா: நான் வீடியோவில் பார்ப்பதற்காக இரவு முழுக்க முழித்திருக்கப் போகிறேனே?

சின்னையா: மாமாவுக்கு மட்டும் ஒரு கார்ட்டூன்

வதனி: ஐயோ. யோசிப்போம் மாமா

சின்னம்மா: அது சரி, அம்மாவின் பித்தளைப் பானை ஆரிட்டை?

சுதன்: கிணற்றடியில் தாட்டதோ?

சின்னம்மா: ஓம், 2008 கடைசியில், சண்டையில் இடம்பெயரும்போது. திரும்பி வந்து கிண்டி எடுத்தது நான்

கோமதி மாமி: கிண்டும்போது நாங்களும் நின்றனாங்கள்

சின்னம்மா: நின்றது எல்லாரும். கொண்டு போனது ஆர்?

கோமதி மாமி: விசுவமடுவில் பத்திரமாய்த்தான் இருக்கு. ஈயம் பூச வேணும். பூசாமல் அதில் சமைக்கக்கூடாது

சின்னம்மா: பத்து வருசமாய் ஈயம் பூசுறீங்கள்

வதனி: அம்மம்மா வொய்ஸ் போட்டிருக்கிறா

சின்னையா: கோழிச் சத்தம்தான் கேட்குது

தர்ஷி: நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். கை நடுங்குதாம், பிள்ளைக்கு முதல் வாயைச் சின்னம்மா வைக்கட்டுமாம். பெரிய பிள்ளைகளுக்குத் தானே குழைத்துத் தருவாவாம்.

சின்னம்மா: நானோ? மூத்தவர் இருக்கிறாரே

பெரியமாமா கனடா: நீயே வை. நான் எங்கே வர

கோமதி மாமி: மருமகன் வெள்ளி அந்தப் பக்கம் வந்தால் பானையைக் குடுத்துவிடுகிறேன். வந்தால்.

சுதன்: மெசின்காரன் திரும்ப எடுக்கிறான். பொறுங்கோ